நர்சரி வாசலில் ஒரு பழகிய முகம்: சால்ட் லேக், அன்றும் இன்றும்

துர்கா பூஜை விடுமுறை முடிந்து, காளி பூஜையும் பாய் ஃபோட்டாவும் கழிந்து, பள்ளிகள் மறுபடி திறக்கும் நாளில் காலை ஒன்பது மணிக்குக் கல்கத்தாவின் சால்ட் லேக் தெருக்களில் நடந்து பாருங்கள். வீடுகளின் தரைத்தளத்தில் நடக்கும் நர்சரிகளின் கேட்டுக்கு முன்னால் குழந்தைகள் வீறிட்டு அழுதுகொண்டிருப்பார்கள். ஒன்று அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு விடாது. ஒன்று காரை விட்டே இறங்காது. இன்னொன்று குடித்த பாலை யூனிஃபார்ம் மேல் கக்கிவிட்டு நிற்கும். முதன்முதலில் சேர்த்த அன்று கையாட்டிவிட்டு உள்ளே ஓடிய குழந்தையும் இந்தக் கூட்டத்தில் இருக்கும். "சேர்த்தப்பவே அழலையே, இப்ப என்ன ஆச்சு?" என்று பெற்றோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

சேர்த்த அன்று உள்ளே என்ன இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியாது. இப்போது தெரியும். அம்மா போய்விடுவாள், மதியம் வரை வரமாட்டாள் என்று தெரியும். நடுவில் பல வாரங்கள் வீடே கதி என்று இருந்தாயிற்று. ராத்திரி பதினோரு மணிக்குப் பந்தல் பார்க்கப் போனார்கள், காலையில் இஷ்டப்பட்ட நேரத்துக்கு எழுந்தார்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பல அந்த நாட்களில் ஷாலிமாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குப் போய், தீபாவளியை முடித்துக்கொண்டு திரும்பும். தாத்தா தோளிலும் பாட்டி மடியிலும் கிடந்த பிள்ளையை ரயிலில் இருந்து இறக்கி இரண்டாம் நாளே நர்சரி வாசலில் நிறுத்தினால் அது அழாமல் என்ன செய்யும்? புதிதாகச் சேரும் குழந்தையைவிட, திரும்பிப் போகும் குழந்தைக்குத்தான் நம் துணை அதிகம் வேண்டும். அதை நாம் போதுமான அளவு உணரவில்லை என்பது என் கட்சி.

நான் சால்ட் லேக்குக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். அப்போதிலிருந்து இந்த வாசல்களைப் பார்த்து வருகிறேன். அழுகை மாறவில்லை. அழுகையைச் சுற்றி இருந்தவை எல்லாம் மாறிவிட்டன.

இது நீர்ப்பரப்பைத் தூர்த்து எழுப்பிய ஊர். கல்கத்தாவின் கிழக்கே கிடந்த உப்பேரிச் சதுப்பில் ஒரு புதிய நகரம் வேண்டும் என்று முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராய் முனைந்தார். 1962 ஏப்ரலில் வேலை தொடங்கியது. யுகோஸ்லாவியாவின் இன்வெஸ்ட் இம்போர்ட் நிறுவனம் ஹூக்ளி ஆற்றின் வண்டலை நீரோடு கலக்கிக் குழாய் வழியாகக் கொண்டுவந்து கொட்டி நிலமாக்கியது. அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் தோப்ரிவோயே தோஷ்கோவிச் நகரின் வரைபடத்தைப் போட்டார். ராய் அதைப் பார்க்க இருக்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 1 அன்று, தம் பிறந்தநாளிலேயே இறந்துபோனார். ஊருக்குப் பிதான்நகர் என்று அவர் பெயரைத்தான் வைத்தார்கள், ஆனால் வாய்வழக்கில் இன்றும் சால்ட் லேக்தான்.

வரைபடத்தைச் சொல்லக் காரணம் உண்டு. ஏஏ, பிடி, சிகே என்று இரண்டெழுத்துப் பெயர் தாங்கிய பிளாக்குகள். பிளாக்குக்குள் ஒரு பூங்கா, நடந்து போகும் தூரத்தில் ஒரு மார்க்கெட், வழி சொல்ல எண் போட்ட தண்ணீர்த் தொட்டிகள். மூன்று வயதுக் குழந்தையின் கால் எவ்வளவு தூரம் நடக்குமோ அவ்வளவு தூரத்துக்குள் அதன் உலகம் முழுவதும் இருந்தது. நர்சரிக்குப் போகிற வழியில் இஸ்திரிக்காரர், இனிப்பு விற்கும் மிஷ்டிக் கடைக்காரர், பூங்கா மாலி எல்லாரும் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். நர்சரி நடத்திய அம்மாளும் அதே பிளாக்தான், மாலையில் பூங்காவில் பார்க்கலாம். "ஆன்ட்டி" என்று குழந்தை ஓடிப்போய் அவர் புடவையைப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் காலையில் அதே ஆன்ட்டிதான் கேட்டைத் திறப்பார்.

அந்தக் காலம் குழந்தைகளிடம் கனிவாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அழுகிற குழந்தையை ஆயா இடுப்போடு அள்ளிக்கொண்டு உள்ளே போவாள், கதவு மூடும், அம்மா திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். அதுதான் முறை. சாப்பிடாவிட்டால் ஜுஜு வரும், அடம்பிடித்தால் பிள்ளை பிடிக்கிறவன் வருவான் என்றார்கள். நம் வீடுகளில் பூச்சாண்டி. எல்லாவற்றிலும் கெடுதலானது இன்னொன்று: "படுத்தினா ஸ்கூல்ல கொண்டு விட்டுடுவேன்!" பள்ளி தண்டனைக்குரிய இடம் என்று நாமே சொல்லிக் கொடுத்துவிட்டு, அங்கே போகப் பயப்படுகிறதே என்று பிறகு கவலைப்பட்டோம். இந்த வசனத்தை இன்றைய வீடுகளிலும் கேட்கிறேன்.

வங்காளத்தின் மிகப் புகழ்பெற்ற பள்ளிக் கண்ணீர் தாகூருடையது. அண்ணன் சோமேந்திரனும் அக்கா மகன் சத்யாவும் வண்டியேறிப் பள்ளிக்குப் போவதைப் பார்த்துத் தானும் போக வேண்டும் என்று சிறுவன் ரவி அழுதான். வீட்டு ஆசிரியர் ஓர் அறை விட்டு, இப்போது போவதற்காக அழுகிறாய், பிறகு போகாமல் இருப்பதற்காக இதைவிட அதிகமாக அழுவாய் என்றாராம். தம் நினைவுக் குறிப்புகளில் தாகூர் இதைப் பதிவு செய்திருக்கிறார், அதைவிடச் சரியான ஆரூடத்தைத் தாம் கேட்டதில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். எந்தப் பள்ளியிலும் அவர் நிலைக்கவில்லை. 1901-ல் சாந்திநிகேதனில் மரத்தடியில் ஒரு பள்ளியைத் தொடங்கியவரும் அவர்தான். பள்ளி என்பது குழந்தை விரும்பி வருகிற இடமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதியதில்லை. நம் சென்னைக்கும் புதியதில்லை. 1939-ல் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார், போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். அவர் பெயரைப் பலகையில் எழுதிய பள்ளிகள் நாடெங்கும் பெருகின. வாசலில் அழுத குழந்தையை அள்ளிக்கொண்டு போகும் பழக்கம் மட்டும் அந்தப் பலகைக்குப் பின்னாலும் தொடர்ந்தது.

அன்றைய கடுமைக்கு நடுவிலும் குழந்தைக்குக் கிடைத்த ஒன்று, பழகிய முகம். எங்கள் பக்கத்து வீட்டில் கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லை தாண்டி வந்த ஒரு பாட்டி இருந்தார். பேரனை நர்சரிக்குக் கூட்டிப் போவார், கூட்டிவரும் வரை அங்கேயே வராந்தாவில் மோடா என்கிற பிரம்பு முக்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்திருப்பார். ஆன்ட்டி எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. "நான் எங்கே இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்தால் போதும், அவன் என்னைப் பார்க்க வேண்டியதுகூட இல்லை" என்பார். பேரன் முதலில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தான். பிறகு டிஃபன் வேளைக்கு மட்டும் வந்தான். பிறகு வருவதை மறந்தே போனான். 1971 போரின்போது இதே சால்ட் லேக்கின் வெட்டவெளியில் அகதி முகாம் இருந்தது, கழிவுநீருக்காகக் கொண்டுவந்து போட்ட பெரிய சிமெண்ட் குழாய்களுக்குள் குடும்பங்கள் குடியிருந்தன. பிரிவைக் கண்ணால் கண்ட தலைமுறை அது. அந்தப் பாட்டிக்கு உளவியல் படிப்பு இல்லை, ஆனால் அந்த மோடா இருந்த இடம் மிகச் சரியான இடம்.

பாட்டி இல்லாத வீடுகளில் அம்மாக்கள் காத்திருந்தார்கள். கல்கத்தாவின் தனி வழக்கம் இது. கேஷ்டோபூர், பாகுயாட்டி பக்கமிருந்து பிள்ளையைக் கூட்டிவந்த தாய்மார்கள் வீட்டுக்குப் போய்த் திரும்பிவர நேரம் போதாது என்று பள்ளிக்கு வெளியே நடைபாதையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். ஸ்வெட்டர் பின்னுவார்கள், காய் நறுக்குவார்கள், மாமியாரைப் பற்றிப் பேசித் தீர்ப்பார்கள். பெண்களின் பகல்பொழுது இப்படிப் போகிறதே என்று எனக்கு அப்போது ஆற்றாமை உண்டு, இப்போதும் உண்டு. ஆனால் குழந்தையின் பக்கமிருந்து பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா இருந்தாள்.

அந்தப் பாட்டி செய்ததை நூல்களும் பின்னால் சொல்லின, அல்லது முன்பே சொல்லியிருந்தன. 1952-ல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இரண்டரை வயதை எட்டாத ஒரு குழந்தை எட்டு நாள் மருத்துவமனையில் தனியே இருந்ததைப் படம் பிடித்தார். அன்று பெரும்பாலான பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் பெற்றோர் உடன் இருக்க அனுமதி இல்லை, பார்வை நேரமும் மிகக் குறைவு. அழுது ஓய்ந்து அமைதியான குழந்தைகளைச் செவிலியர்கள் "பழகிவிட்டது" என்றார்கள். ராபர்ட்சனும் அவருடன் பணியாற்றிய ஜான் பௌல்பியும் அப்படி இல்லை என்றார்கள். குழந்தை முதலில் எதிர்க்கிறது, பிறகு நம்பிக்கை இழக்கிறது, அதன்பின் ஒட்டாமல் விலகிப் போகிறது. அழுகை நின்றதெல்லாம் ஆறுதல் அல்ல. 1959-ல் பிரிட்டனின் பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. சில மணி நேர நர்சரியையும் மருத்துவமனையையும் ஒன்றாக வைக்க முடியாதுதான். ஆனால் மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தையைக் காட்டி "பாருங்க, செட் ஆயிட்டான்" என்று யாராவது சொன்னால் நான் இந்தப் படத்தை நினைத்துக்கொள்வேன். செட் ஆன குழந்தை விளையாடும், சாப்பிடும், சண்டை போடும்.

ஜெர்மனியில் எண்பதுகளில் உருவான ஒரு முறையைப் பெர்லின் முறை என்கிறார்கள். முதல் மூன்று நாள் தாயோ தந்தையோ குழந்தையுடன் வகுப்பறைக்குள்ளேயே ஓர் ஓரத்தில் இருப்பார். பிரிவு கிடையாது. நான்காம் நாள்தான் சற்று நேரம் வெளியே போவார், அரை மணிக்குள் திரும்புவார். குழந்தையை ஆசிரியை ஒருவர் தேற்ற முடிகிறதா என்று பார்த்துத்தான் நேரத்தைக் கூட்டுவார்கள். முடியாவிட்டால் இன்னும் சில நாள் கழித்து. பக்கத்து வீட்டுப் பாட்டியின் மோடாவுக்கு அங்கே ஒரு பெயரும் அட்டவணையும் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது இன்றைக்கு வருவோம். செக்டர் 5-ல் கணினி நிறுவனங்கள் வந்தபின் இந்த ஊரின் முகம் மாறியது. மதுரை, கோவை, திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்த இளம் தம்பதிகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். 2020 பிப்ரவரியில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. ஊர்க்காரர்களின் பிள்ளைகளோ பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். மூன்று மாடி வீட்டில் முதியவர்கள் இருவர் இருக்கிறார்கள், மடியில் வைத்துக்கொள்ளப் பேரன் இல்லை. அடுத்த தெருவில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது, மடி இல்லை. இவர்கள் இருவரும் சந்திப்பதே இல்லை. சால்ட் லேக்கைப் பற்றி என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

குழந்தை பூல் காரில் போகிறது. டிரைவர் மாறுகிறார், வண்டியில் இருக்கும் உதவியாளர் மாறுகிறார். நர்சரியில் சுவரெல்லாம் வண்ணம், குளிர்சாதனம், கேமரா. அலுவலகத்தில் இருந்தபடி அம்மா மொபைலில் பார்க்கலாம், பெற்றோர் குழுவில் புகைப்படம் வரும். நல்லதுதான், பாதுகாப்புக்கு வேண்டியதுதான். ஆனால் கேமரா அம்மாவுக்குத்தான் குழந்தையைக் காட்டும். குழந்தைக்கு அம்மாவைக் காட்டாது.

இன்னொரு பக்கம், இன்றைய பெற்றோர் குழந்தையின் பயத்தைக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். அப்பாக்கள் வாசல் வரை வருகிறார்கள், மண்டியிட்டுக் குழந்தையின் கண் மட்டத்தில் பேசுகிறார்கள். என் தலைமுறை ஆண்கள் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. அடி இல்லை, ஜுஜு குறைந்திருக்கிறது. இந்த ஒன்றுக்காகவே அன்றைவிட இன்று மேல் என்பேன். கேட்கும் மனம் வந்துவிட்டது, கேட்பதற்கு நேரம்தான் இல்லை.

நடுவே கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய ஆரம்பப் பள்ளிகள் மேற்கு வங்கத்தில் 2022 பிப்ரவரி 16 அன்றுதான் திறந்தன. அதற்குச் சில நாள் முன்பு, பிப்ரவரி 7 அன்று, பாடாய் ஷிக்ஷாலய் என்ற பெயரில் அரசு திறந்தவெளிகளில் வகுப்பு நடத்தத் தொடங்கியது. மைதானத்தில், மரத்தடியில், அக்கம்பக்கத்தார் பார்க்க, தெருக் குழந்தைகளைத் தெருவிலேயே உட்காரவைத்த ஏற்பாடு அது. தொற்றுக்குப் பயந்துதான் செய்தார்கள். ஆனால் இரண்டு வருடம் வீட்டுக்குள் கிடந்த குழந்தைக்குப் பூட்டிய கட்டடத்தைவிடத் தெரிந்த தெரு எவ்வளவோ சுலபம். அந்த வருடம் நர்சரிகளுக்கு வந்த நான்கு வயதுக் குழந்தைகளில் பலர் தம் வயதுக் கூட்டத்தையே அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

போன பூஜை விடுமுறைக்குப் பிறகு எங்கள் கீழ்வீட்டுத் தம்பதியின் மகள் நர்சரிக்குப் போக மாட்டேன் என்றாள். மூன்றரை வயது. இருவருக்கும் செக்டர் 5-ல் வேலை. ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் இரவே வயிற்றுவலி என்றாள். காலையில் ஷூவைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் அம்மா என்னிடம் வந்து, "ஆன்ட்டி, இந்த வாரம் பூரா வீட்லயே வச்சுக்கட்டுமா? பார்க்கவே பாவமா இருக்கு" என்றாள்.

"வீட்ல வைக்காதம்மா. ஒரு நாள் வச்சா அடுத்த நாள் இன்னும் கஷ்டம். அரை மணி நேரமாவது கூட்டிட்டுப் போ, நீயும் கூட இரு. ஆபீசுக்கு லேட்டாப் போய்க்கலாம்" என்றேன்.

அன்று மாலை மூவரும் சும்மா நடக்கப் போவதுபோல் நர்சரிப் பக்கம் போனார்கள். கேட் பூட்டியிருந்தது. பாப்பா பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். கம்பி வழியாக உள்ளே பார்த்து, "மாஷி உள்ள தூங்கறாங்களா?" என்று கேட்டாளாம். நர்சரியில் வேலை செய்யும் ஆயாவை இங்கே எல்லாரும் மாஷி என்றே அழைப்பார்கள். மாஷிக்கு வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு, சாயங்காலம் மாஷியும் வீட்டுக்குப் போவாள் என்று அப்பா சொன்னார். பாப்பாவுக்கு அது பெரிய செய்தி. உள்ளே போனவர்கள் எல்லாரும் வெளியே வருகிறார்கள் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. வீடு வரும் வரை அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாளாம்.

ஆனாலும் பயத்தின் வேர் வேறு இடத்தில் இருந்தது. அது விளையாட்டில்தான் தெரிந்தது. என் வீட்டுக் கூடத்தில் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து ஸ்கூல் நடத்தினாள். ஒரு பொம்மையை மட்டும் எடுத்து மூலையில் நிறுத்தி, "சீ, ஜட்டி ஈரம்" என்றாள். விஷயம் இவ்வளவுதான்: "ஒண்ணுக்கு வருது" என்று இவள் தமிழில் சொன்னது அங்கே யாருக்கும் புரியவில்லை. மற்றப் பிள்ளைகள் "ஹிஷு" என்றால் மாஷி ஓடி வருவாள். இவளுக்கு அந்தச் சொல் விடுமுறையில் மறந்துபோயிருக்கலாம், அல்லது கூச்சம். ஒருநாள் நனைத்துக்கொண்டாள், யாரோ சிரித்தார்கள். முப்பது நாள் கழித்தும் அது உள்ளே அப்படியே இருந்தது.

"ஏன் போக மாட்டேங்கிற?" என்று நேராகக் கேட்டால் மூன்று வயதுக்குப் பதில் சொல்லத் தெரியாது. "தெரியல" என்னும், அல்லது நாம் எதிர்பார்க்கும் எதையாவது சொல்லும். பொம்மை சொல்லும், கிறுக்கல் சொல்லும், தூங்கப் போகும் நேரத்துப் பேச்சு சொல்லும். கழிப்பறையின் இருட்டு, ஃப்ளஷ் சத்தம், வாயில் திணிக்கும் சோறு, பூல் காரில் கிள்ளும் பெரிய பையன் என்று காரணம் பெரும்பாலும் சின்னதாகவும் நாமே சரிசெய்யக்கூடியதாகவும் இருக்கும். குறிப்பிட்ட ஓர் ஆளைக் கண்டு மட்டும் குழந்தை நடுங்கினால், உடம்பில் காயம் இருந்தால், தொடவே விடாமல் ஒடுங்கினால், அது வாசல் அழுகை இல்லை. அன்றைக்கே விசாரிக்க வேண்டும். தயங்கவே கூடாது.

பாப்பாவின் அம்மா மறுநாள் நர்சரியில் பேசினாள். வீட்டில் என்னென்ன சொல்லை அவள் எதற்குச் சொல்வாள் என்று ஒரு தாளில் பெங்காலி எழுத்தில் எழுதி மாஷியிடம் கொடுத்தாள்: தண்ணி, ஒண்ணுக்கு, வலிக்குது, அம்மா வேணும். மாஷி அதைப் படித்துவிட்டு, தானே பாப்பாவிடம் "ஒண்ணுக்கு?" என்று தமிழில் கேட்டபோது குழந்தை சிரித்துவிட்டாள். வந்தவுடன் ஒருமுறை, டிஃபன் முடிந்ததும் ஒருமுறை மாஷி கூட்டிப்போவது என்று ஏற்பாடு. தினமும் கேட்டில் கைப்பிடித்து வாங்குவதும் அதே மாஷிதான் என்று கேட்டுக்கொண்டார்கள்.

விடைபெறுவதையும் சுருக்கினார்கள். இது பெற்றோருக்கு மிகக் கடினமான பாடம். அழுகிறதே என்று பத்து நிமிடம் கேட்டில் நின்று சமாதானம் செய்தால், இங்கே ஏதோ ஆபத்து இருக்கிறது, அதனால்தான் அம்மாவும் தயங்குகிறாள் என்றே குழந்தை எடுத்துக்கொள்ளும். கண்மறைவாக நழுவினாலோ அதைவிட மோசம். அடுத்த நாளிலிருந்து அம்மா திரும்பினாலே முந்தானையைப் பிடிக்கும். ஒரு முத்தம், ஒரே வாக்கியம், போய்விட வேண்டும். மணி சொல்லிப் பயனில்லை, குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது. "டிஃபன் சாப்பிட்டு, பாட்டுப் பாடி, ஷூ போட்டதும் அப்பா கேட்ல நிப்பேன்" என்று சொல்லிவிட்டு, ஷூ போடும்போது அப்பா அங்கே நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் தாமதமானாலும் அந்த வாரத்து உழைப்பு வீண். அந்த அப்பா பாதி நாள் விடுப்புப் போட்டுத்தான் அதைச் செய்தார். சாக்லேட் ஆசை காட்டவில்லை. "அந்தப் பாப்பா பாரு, அழவே இல்ல" என்று ஒப்பிடவில்லை. வீடு திரும்பியதும் "இன்னிக்கு அழுதியா?" என்று கேட்கவும் இல்லை. "மாஷி என்ன கலர் புடவை?" என்று கேட்டார்கள்.

அழுகை ஒரே நாளில் நிற்கவில்லை. முதலில் கேட் வரை வந்தது, பிறகு தெருமுனையில் முடிந்தது. சளி பிடித்து இரண்டு நாள் வீட்டில் இருந்தபின் மறுபடி ஒருநாள் முழுதாக வந்தது. எல்லாக் குழந்தைக்கும் இப்படித்தான் ஏற்ற இறக்கமாகப் போகும். நான்கு வாரத்துக்கு மேலும் தினமும் அதே நடுக்கம், தூக்கத்தில் அலறல், விட்டுப்போன படுக்கை நனைத்தல் என்று தொடர்ந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுவதே சரி.

அந்த மாஷியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தத்தாபாத் போன்ற குடியிருப்புகளிலிருந்தும் கேஷ்டோபூர்க் கால்வாய்க்கு அப்பாலிருந்தும் வந்து இந்த நர்சரிகளில் வேலை பார்க்கும் பெண்கள், தம் பிள்ளையை மூத்தவளிடமோ அங்கன்வாடியிலோ விட்டுவிட்டு மற்றவர் பிள்ளையின் கண்ணீரைத் துடைக்கிறார்கள். விளம்பரப் பலகையில் பாடத்திட்டத்தின் பெயர் இருக்கும், இவர்கள் இருக்க மாட்டார்கள். சம்பளப் பட்டியலில் கடைசியில் இருப்பவர்கள், ஆகவே இரண்டாயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். போகட்டும், வேறு ஆள் கிடைக்கும் என்கிறது நிர்வாகம். பெரியவர்களுக்குத்தான் ஆள் மாறுகிறது. பூஜை முடிந்து வரும் குழந்தைக்கு, கேட்டில் கை நீட்டுகிற முகமே மாறிவிட்டால் அது புதிய பள்ளிதான். ஒரு நர்சரி நல்லதா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: கேமரா எத்தனை என்று கேட்காதீர்கள், ஆயா எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள்.

2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் சேர்த்தது. பகலில் தாயின் முகத்தைப் பார்ப்பது குழந்தையின் தேவை என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தக் குழந்தை மூன்று வயதில் நர்சரிக்குப் போகும் முதல் வாரத்துக்கும், விடுமுறை முடிந்து திரும்பிப் போகும் வாரத்துக்கும் இப்படி எந்த ஏற்பாடும் இல்லை.

செக்டர் 5-ன் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். பூஜைக்குப் பிறகு பள்ளி திறக்கும் வாரத்தில், சிறு குழந்தை உள்ள தாய்க்கும் தந்தைக்கும் காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதி கொடுங்கள். விடுப்பில் கழிக்காதீர்கள். நர்சரி நடத்துபவர்களுக்கு: அந்த வாரம் மட்டுமாவது வராந்தாவில் நான்கு நாற்காலி போட்டு, பெற்றோரோ தாத்தா பாட்டியோ உட்கார அனுமதியுங்கள். உங்கள் மாஷிக்கு அவர் போகாமல் இருக்கும் அளவுக்குச் சம்பளம் கொடுங்கள். பெரிய வீடுகளில் தனியே இருக்கும் என் வயதுக்காரர்களுக்கு: உங்கள் தெரு நர்சரியில் போய்ப் பேசுங்கள், காலையில் ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார உங்களால் முடியும். பெற்றோர்களே, பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஊரிலிருந்து திரும்பிவிடுங்கள். அடுத்த வருடத்துக் கோரமண்டல் டிக்கெட்டைப் போடும்போதே திரும்பும் தேதியை அப்படிப் பார்த்துப் போடுங்கள்.